தந்தை ஓடிய ஓட்டம்

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கேட்கிறவர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பையன் நன்றாகப் பாடினால் இந்த வார்த்தையைப் பாராட்டாகச் சொல்வார்கள். பாடாவிட்டால் அதே வார்த்தையைக் குரலைச் சற்று இறக்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வார்கள். இரண்டு சந்தர்ப்பத்திலும் பேச்சு புலியைப் பற்றித்தான். தன்னைப் பற்றி யாரும் ஒன்றுமே சொல்லவில்லை என்பது பையனுக்கு மட்டும் தெரியும்.

ஒரு பெரிய வித்வானின் மகன் முதன்முதலாக மேடை ஏறுகிறான். காம்போதி ஆலாபனை முடிகிறது. முன்வரிசை ரசிகர் பக்கத்தில் இருப்பவரிடம், “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்பா அப்பாதான்” என்கிறார். பிள்ளையாண்டான் பிசகில்லாமல்தான் பாடியிருக்கிறான். அவன் செய்த ஒரே பிசகு அந்த வீட்டில் பிறந்ததுதான். கணக்கு வாத்தியாரின் மகன் கணக்கில் 60 மார்க் வாங்கினால் வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் அதே 60 மார்க் வாங்கினால் அந்த வீட்டில் பாயசம்.

தந்தையின் கீர்த்தி என்பது மகன் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனா? தந்தை உயரமாக வளர்ந்தார் என்பதற்காக மகனை அளக்கும் கோலையும் நீட்டிவிடுவது நியாயந்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நீதி நூல்களைப் புரட்டலாம். நான் ஒரு குதிரையின் வரலாற்றைப் புரட்டப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு. மனிதர் விஷயத்தில் இரத்தம், வம்சம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. கைக்காசைப் போட்டுப் பேசுவதில்லை. குதிரை விஷயத்தில் மட்டும் மனிதன் இரத்தத்தைக் கணக்குப் பார்த்து, விலை போட்டு, பணத்தை எண்ணி வைத்துச் சோதித்திருக்கிறான். அந்தச் சோதனையின் முடிவை நாம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

குதிரைப் பந்தயம் என்றதும் சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். கிண்டியில் குடும்பங்கள் அழிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1974ல் தமிழ்நாட்டுச் சட்டசபை பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே இயற்றியது. 1996ல் உச்ச நீதிமன்றம், இது வெறும் அதிர்ஷ்டமல்ல, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வழக்குக்குள் நான் நுழையவில்லை. பணம் கட்டுகிறவனின் கதை வேறு. ஓடுகிற குதிரையின் கதை வேறு. நான் சொல்ல வந்தது பின்னதைத்தான்.

பந்தயத்தில் ஓடும் ஜாதிக் குதிரைகளைத் தரோபிரெட் என்கிறார்கள். உலகத்தில் இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் எல்லாம், தந்தைவழியில் பார்த்தால், கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்றே மூன்று பொலிகுதிரைகளின் சந்ததி. இந்த வம்சாவளியைப் பதிவு செய்யும் புத்தகம் 1791ல் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த ஏட்டில் ஏறாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரோபிரெட் ஆகாது. விஞ்ஞானம் இவ்வளவு முன்னேறியும், செயற்கை முறையில் கருத்தரித்த குட்டியை அந்த ஏட்டில் சேர்க்கமாட்டார்கள். தாயின் தாய், அவள் தந்தை, அவன் பாட்டன் என்று அவர்கள் பார்க்கிற பார்வையைக் கண்டால், நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள் ஒன்றுமே பார்ப்பதில்லை என்று சொல்லத் தோன்றும்.

இந்த ஏட்டில் 1970ல் ஒரு பெயர் ஏறியது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ‘மெடோ’ என்ற பண்ணை. அங்கே மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவு கடந்து சில நிமிஷத்தில் ஓர் ஆண் குட்டி பிறந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் நட்சத்திரம், மூன்று கால்களில் வெள்ளை. தந்தை போல்ட் ரூலர். தாய் சம்திங்ராயல். குட்டிக்கு என்னென்னவோ பெயர்களை எழுதிப் போட்டார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகி, கடைசியில் அந்த லாயத்தின் காரியதரிசி அம்மாள் சொன்ன பெயர் நிலைத்தது: செக்ரட்டேரியட். அதாவது தலைமைச் செயலகம்! கோட்டையில் காகிதங்கள் நகரும் வேகத்தை அறிந்த நமக்கு, பந்தயக் குதிரைக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரிப்பு வரும். ஆனால் இந்தச் செயலகம் நகர்ந்த வேகத்தைப் பின்னால் உலகமே பார்த்தது.

இந்தக் குட்டி அந்தப் பண்ணைக்கு வந்த விதமே வேடிக்கையானது. போல்ட் ரூலர் அந்தக் காலத்து அமெரிக்காவில் தலைசிறந்த பொலிகுதிரை. அதன் சொந்தக்காரர்களான பிப்ஸ் குடும்பத்தார் அதற்காகப் பணம் வாங்குவதை விட்டு, வேறொரு ஏற்பாடு செய்துகொள்வார்கள். மெடோ பண்ணையார் இரண்டு ஆண்டுகள் இரண்டிரண்டு பெட்டைகளை அனுப்பவேண்டும். பிறக்கும் குட்டிகளை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ளும். முதல் ஆண்டுக் குட்டிகளில் எதை வேண்டுமோ அதை எடுக்கும் உரிமை நாணயம் சுண்டி வெல்கிறவருக்கு. தோற்றவருக்கு மறு ஆண்டு அந்த உரிமை. மறு ஆண்டில் ஒரு பெட்டை சினைப்படவில்லை. ஆகவே தோற்றவருக்குக் கிடைக்கக்கூடியது, முதல் ஆண்டில் மிஞ்சியது ஒன்றும், இன்னும் பிறக்காதது ஒன்றும்.

1969ல் நாணயம் சுண்டினார்கள். பிப்ஸ் வென்றார். சம்திங்ராயல் ஈன்ற பெண் குட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதற்கு ‘தி பிரைட்’ என்று பெயரிட்டார்கள். மணப்பெண் என்று பொருள். மணப்பெண் நான்கு பந்தயங்களில் ஓடியது. ஒன்றில்கூட வெல்லவில்லை. தோற்றவருக்கு வந்து சேர்ந்த பிறக்காத குட்டிதான் செக்ரட்டேரியட்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். மணப்பெண்ணும் செக்ரட்டேரியட்டும் கூடப் பிறந்தவர்கள். ஒரே தந்தை, ஒரே தாய், ஓராண்டு வித்தியாசம். ஏட்டில் இரண்டின் வம்சாவளியையும் எழுதினால் ஓர் எழுத்துக்கூட மாறாது. இரத்தத்தை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்லியிருக்கவேண்டும். ஒன்று வெல்லாமலே லாயத்துக்குத் திரும்பியது. மற்றொன்று நூற்றாண்டின் குதிரைகளில் ஒன்றாயிற்று. நம் வீடுகளிலும் இதே கதைதான். “ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இப்படி வேறு வேறாக இருக்கிறதே” என்று வியக்காத தாய் உண்டா? வியக்கிறாள், ஆனாலும் இளையவனிடம் மூத்தவனின் மார்க்கைக் காட்டாமல் இருக்க அவளால் முடிவதில்லை.

தோற்றவர் யார் என்பதையும் சொல்லவேண்டும். பண்ணையை உருவாக்கியவர் கிறிஸ்டபர் செனரி. முதுமையில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய பிள்ளை பெரிய பொருளாதார நிபுணர். அவருக்குக் குதிரையில் சிரத்தையில்லை. பண்ணையை விற்றுவிடலாம் என்றார். கொலராடோவில் நான்கு குழந்தைகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த இளைய மகள் பென்னிதான், விற்கக்கூடாது என்று சொல்லிப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். தந்தையின் பொருளாதார மூளை மகனுக்குப் போயிற்றோ என்னவோ. தந்தையின் ஆசை மகளிடம் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பயிற்சியாளர் லூசியன் லாரின். கனடாவில் கியூபெக் பகுதிக்காரர். ஒரு காலத்தில் ஜாக்கியாக இருந்தவர். வயதாகிவிட்டது, ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தவர். மெடோ லாயத்தில் அதற்குமுன் பயிற்சியாளராக இருந்தது அவருடைய மகன் ரோஜர். மகன் 1971ல் பிப்ஸ் குடும்பத்தாரிடம் பெரிய வேலைக்குப் போனதால், அந்த இடத்துக்குத் தந்தை வந்தார். வழக்கமாகத் தந்தை விட்ட நாற்காலியில் மகன் உட்காருவான். இங்கே மகன் விட்ட நாற்காலியில் தந்தை உட்கார்ந்து, அங்கேதான் கீர்த்தியின் உச்சியைத் தொட்டார்.

செக்ரட்டேரியட் ஆரம்பத்தில் யாரையும் அசத்தவில்லை. பருத்த உடம்பு, தீனியில் அபாரப் பிரியம், பயிற்சியில் மற்றக் குட்டிகளுக்குப் பின்னால் வந்தது. 1972 ஜூலை 4ஆம் தேதி முதல் பந்தயம். கிளம்பும்போதே பக்கத்துக் குதிரை மோதியதில் தடுமாறி நாலாவதாக வந்தது. பிறகுதான் விழித்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டே வயதில் அமெரிக்காவின் ‘ஆண்டின் சிறந்த குதிரை’ என்ற விருதைப் பெற்றது.

1973 ஜனவரியில் பெரியவர் செனரி காலமானார். வாரிசு வரி கட்டப் பணம் வேண்டும். பென்னி ஒரு முடிவு செய்தாள். குதிரையின் எதிர்காலச் சந்ததியை விற்பது! கென்டக்கியில் கிளெய்போர்ன் என்ற புகழ்பெற்ற பண்ணையை நடத்திய சேத் ஹான்காக் அப்போது 23 வயது இளைஞர். தம் தந்தையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் சில நாட்களில், டெலிபோனிலேயே, 32 பங்குகளை விற்று முடித்தார். ஒரு பங்கு 1,90,000 டாலர். மொத்தம் 60,80,000 டாலர். அதுவரை உலகத்தில் எந்தக் குதிரைக்கும் வராத விலை. பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையை அனுப்பலாம். மூன்று வயதோடு குதிரையின் ஓட்டம் நிறுத்தப்படவேண்டும் என்பது ஏற்பாடு.

எந்தச் சமயத்தில் என்று கவனியுங்கள். அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில்கூடக் குதிரை இன்னும் ஓடவில்லை. அதன் குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அறுபது லட்சம் டாலருக்கு விலைபோனது எது? இல்லாத குட்டிகளின் இல்லாத ஓட்டம். நாம் சிரிக்கவேண்டாம். தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பார்த்து, “தாத்தா மாதிரி இவனும் ஜட்ஜ்தான்” என்று சொல்கிறோமே, அதுவும் அதே வியாபாரந்தான். டாலர் மட்டும் கைமாறவில்லை.

இரத்தக் கணக்கர்கள் இன்னொரு கணக்கும் போட்டார்கள். போல்ட் ரூலரின் பிள்ளைகளுக்கு வேகம் உண்டு. தூரம் தாங்காது என்பது அவர்கள் கண்ட சாஸ்திரம். 1957ல் ஒன்றரை மைல் தூரமுள்ள பெல்மான்ட் பந்தயத்தில் போல்ட் ரூலர் மூன்றாவதாகத்தான் வந்தது. கேலன்ட் மேன் என்ற குதிரை 2 நிமிஷம் 26⅗ விநாடியில் ஓடிப் புதுச் சாதனை செய்தது. தந்தைக்கு முடியாதது மகனுக்கு எப்படி முடியும்?

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மூன்று பெரிய பந்தயங்கள். மூன்றையும் வெல்வதற்கு டிரிபிள் கிரவுன், அதாவது மும்முடி, என்று பெயர். 1948க்குப் பிறகு 25 ஆண்டுகளாக எந்தக் குதிரையும் அதை வெல்லவில்லை. 1973 மே 5ஆம் தேதி கென்டக்கி டெர்பி. செக்ரட்டேரியட் கடைசியாகக் கிளம்பியது. முதல் கால் மைலைவிட இரண்டாவது கால் மைலை வேகமாக ஓடியது, இரண்டாவதைவிட மூன்றாவதை, இப்படி ஐந்து கால் மைல்களையும் ஒன்றைவிட ஒன்று வேகமாக ஓடி, 1 நிமிஷம் 59⅖ விநாடியில் முடித்தது. களைத்துப் போகவேண்டிய இடத்தில் வேகம் கூடிற்று. இரண்டு வாரம் கழித்து பிரீக்னெஸ் பந்தயத்திலும் வெற்றி. அதன் நேரத்தைக் கடிகாரம் தவறாகக் காட்டிவிட்டதென்று சர்ச்சை எழுந்து, 39 வருஷம் கழித்து 2012ல் திருத்தினார்கள்!

மூன்றாவது பெல்மான்ட்; ஜூன் 9ஆம் தேதி. ஐந்தே குதிரைகள். முந்திய இரண்டு பந்தயங்களிலும் இரண்டாவதாக வந்த ஷாம் என்ற குதிரை, இம்முறை விடுவதில்லை என்று ஆரம்பத்திலிருந்தே தோளோடு தோள் உரசி ஓடியது. ஆறு பர்லாங்கை 1 நிமிஷம் 9⅘ விநாடியில் கடந்தார்கள். ஒன்றரை மைல் ஓடவேண்டிய குதிரைக்கு இது தற்கொலை வேகம். ஷாம் அதைத் தாங்காமல் பின்தங்கிக் கடைசியாக வந்தது. செக்ரட்டேரியட் மட்டும் தன்னந்தனியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஜாக்கி ரான் டர்காட் சவுக்கைத் தொடவில்லை. கடைசியில் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். முந்துவதற்குக் கடிகாரத்தைத் தவிர வேறு ஆள் இல்லை. 31 குதிரை நீளம், ஏறக்குறைய 75 மீட்டர், இடைவெளி. 2 நிமிஷம் 24 விநாடி. தந்தை தோற்ற அந்தப் பழைய பந்தயத்தில் எழுதப்பட்ட சாதனையை மகன் இரண்டரை விநாடிக்கு மேல் குறைத்துவிட்டான். மூன்று பந்தயங்களிலும் அதன் நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முந்தவில்லை.

அன்று ஒரு விசேஷம் நடந்தது. வெல்லும் என்று எல்லாருக்கும் தெரிந்த குதிரையாதலால், 2 டாலர் கட்டியவருக்கு 2 டாலர் 20 சென்ட்தான் திரும்பக் கிடைக்கும். வென்ற சீட்டுகளில் 5,617 பணத்துக்கு வரவே இல்லை. ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டுவிட்டார்கள். பந்தயத்துக்கு வருகிறவன் வென்ற சீட்டைக் காசாக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவது லேசான காரியமல்ல. அவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஓட்டம் அந்த இரண்டரை நிமிஷத்துக்குச் சொந்தம். அதை வேறு எதுவாகவும் மாற்றமுடியாது.

ஆனால் 32 பங்குதாரர்கள் மாற்றமுடியும் என்று நம்பியிருந்தார்கள். 1973 நவம்பரில், 21 பந்தயங்களில் 16 வெற்றியோடு, செக்ரட்டேரியட் கிளெய்போர்ன் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. தந்தை போல்ட் ரூலர் இருந்த அதே கொட்டடியை மகனுக்குக் கொடுத்தார்கள். இனிமேல் அதன் வேலை ஓடுவதல்ல. தன்னைப்போல் ஒன்றை உண்டாக்குவது.

1976ல் அதன் முதல் வருஷக் குட்டிகள் ஏலத்துக்கு வந்தன. கனேடியன் பவுண்ட் என்ற ஆண் குட்டி 15 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஒரு வயதுக் குட்டி ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. தந்தை செக்ரட்டேரியட்; தாயும் பிரபலமான தாய். ஏட்டைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கனேடியன் பவுண்ட் ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை.

எல்லாக் குட்டிகளும் அப்படியல்ல. லேடிஸ் சீக்ரெட் என்ற மகள் 1986ல் ஆண்டின் சிறந்த குதிரையானாள். ரைசன் ஸ்டார் என்ற மகன் 1988ல் மூன்று பெரிய பந்தயங்களில் இரண்டை வென்றான். பெல்மான்ட் பந்தயத்தில் 14¾ நீளம் முந்தி வந்தான். வேறு எந்தக் குதிரையின் மகனாக இருந்தாலும் ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். இவன் விஷயத்தில், 14¾ என்றதும் எல்லாருக்கும் 31 ஞாபகம் வந்தது. அப்பா அப்பாதான்! மொத்தம் அறுநூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள். ஐம்பதுக்கு மேற்பட்டவை பெரிய பந்தயங்களில் வென்றவை. ஆனாலும், செக்ரட்டேரியட் ஓடுவதில் மகா வீரன், பிள்ளை பெறுவதில் தோல்வி என்று எழுதினார்கள். பிள்ளைகள் செய்த குற்றம், தந்தையாக இல்லாததுதான்.

இந்தக் கதையில் எனக்கு ஆறுதல் தரும் விஷயம் ஒன்று உண்டு. கனேடியன் பவுண்டுக்குத் தன் தந்தை யாரென்று தெரியாது. பொலிகுதிரை தன் குட்டிகளோடு வாழ்வதில்லை. குட்டி தாயின் பக்கத்தில் புல் மேய்ந்து வளர்கிறது. பதினைந்து லட்சம் டாலர் என்று சம்மட்டி தட்டியபோது அதன் காதில் விழுந்தது வெறும் சத்தம். தோற்ற அன்று இரவு அது வழக்கம்போல் தீனி தின்று, வழக்கம்போல் உறங்கியிருக்கும். ஏமாற்றமெல்லாம் பணம் போட்டவர்களுக்கு, குதிரைக்கு ஒன்றுமில்லை.

மனிதக் குழந்தைக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அதற்குத் தந்தை யாரென்று தெரியும். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களெல்லாம் படத்தையும் பார்த்து, அதையும் பார்க்கிறார்கள். குதிரை விஷயத்தில் வெறும் நஷ்டமாக முடிகிற எதிர்பார்ப்பு, குழந்தை விஷயத்தில் கொடுமையாக முடிவது இதனால்தான். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. அன்பினால்தான் செய்கிறார்கள். அதனால்தான் பையனால் எதிர்த்துச் சண்டைகூடப் போடமுடிவதில்லை.

அப்படியானால் இரத்தத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜட்கா வண்டிக் குதிரையை என்ன பழக்கினாலும் ஒன்றரை மைலை 2 நிமிஷம் 24 விநாடியில் ஓடாது. இரத்தத்தில் ஏதோ இருக்கத்தான் இருக்கிறது. 1989 அக்டோபர் 4ஆம் தேதி, குளம்பு நோயால் தாங்கமுடியாத வேதனைப்பட்ட செக்ரட்டேரியட்டுக்கு ஊசி போட்டு அமைதி கொடுத்தார்கள். உடலைத் திறந்து பார்த்த டாக்டர் அதன் இதயத்தைக் கண்டு திகைத்தார். சாதாரணக் குதிரையின் இதயத்தைப்போல் இரண்டு பங்குக்கு மேல் இருந்தது. எடை போடவில்லை; 22 பவுண்டு இருக்கலாமென்று பின்னால் மதிப்பிட்டார். 1993ல் ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை அவரே எடை போட்டார், 18 பவுண்டு. பெல்மான்ட்டில் கடைசியாக வந்த குதிரைக்கும் அவ்வளவு பெரிய இதயம்! வேறொரு வருஷத்தில் பிறந்திருந்தால் ஷாமே மும்முடி சூடியிருக்கலாம். இதயம் இருந்தால் மட்டும் போதாது. எந்த வருஷத்தில், யார் பக்கத்தில் ஓடுகிறோம் என்பதும் இருக்கிறது.

இரத்தம் இருக்கிறது, ஆனால் அது நாம் போட்ட கால்வாயில் ஓடுவதில்லை. இந்தக் கதையின் கடைசிப் பகுதி அதைத்தான் சொல்கிறது. எல்லாரும் மகன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் விலை ஏறியது மகனுக்கு. ஏமாற்றம் விளைந்ததும் மகனால். மகள்களை, பண்ணையில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் பெட்டைகளை, அவ்வளவாக யாரும் பொருட்படுத்தவில்லை. டெர்லிங்குவா என்ற மகளுக்கு ஸ்டார்ம் கேட் பிறந்தது; பின்னாளில் அந்தப் பேரனிடம் ஒரு பெட்டையை அனுப்ப 5 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். வீக்எண்ட் சர்ப்ரைஸ் என்ற இன்னொரு மகளுக்கு ஏ.பி. இண்டி பிறந்தது, 1992ல் பாட்டன் ஓடிய அதே பெல்மான்ட்டை வென்று, ஆண்டின் சிறந்த குதிரையும் ஆயிற்று. அந்த ஆண்டு, மகள்வழிப் பேரன் பேத்திகளின் வெற்றியைக் கணக்கெடுத்த பட்டியலில் முதலிடம் செக்ரட்டேரியட்டுக்கு. அது இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 37 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2015ல் மும்முடி வென்ற அமெரிக்கன் பேரோ, அடுத்து 2018ல் வென்ற ஜஸ்டிபை, இரண்டுமே ஸ்டார்ம் கேட் வழி வந்தவை. அதாவது ஒரு மகளின் வழி வந்தவை.

ஆண் குட்டிக்குத் தந்தையின் எக்ஸ் குரோமோசோம் வருவதில்லை. பெண் குட்டிக்கு வரும். பெரிய இதயம் அந்த வழியாகத்தான் இறங்கியது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். அது இன்னும் நிரூபணமாகவில்லை. விஞ்ஞானம் எப்படியும் போகட்டும். தந்தையின் பண்ணையை மகன் வேண்டாமென்றபோது கைகொடுத்தவளும் ஒரு மகள்தான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். எதிர்பார்த்த வாசலில் நாம் விளக்கேற்றிக் காத்திருக்கும்போது, வரவேண்டியது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

எதிர்பார்ப்பே இல்லாவிட்டால் பிள்ளைகள் உருப்படுவார்களா என்று ஒரு கட்சி உண்டு. அதற்கும் இந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. லூசியன் லாரின் பருத்து மந்தமாயிருந்த குட்டியை விரட்டவில்லை. அது தயாராகும்வரை காத்திருந்தார். டர்காட், கடைசியில் கிளம்புகிற அதன் சுபாவத்தை டெர்பியில் மாற்ற முயலவில்லை. அதன் போக்கில் விட்டார். அதைக் கூடவே இருந்து பராமரித்த எடி ஸ்வெட் என்ற லாயக்காரர் அதன் முகத்தைப் பார்த்துப் பழகியவர். வம்சாவளியைப் படித்தவர்கள், இதற்குத் தூரம் தாங்காது என்றார்கள். குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பது வேறு, பார்ப்பது வேறு. பிள்ளை உருப்படுவதற்கு வேண்டியது பின்னது. நம்மில் பலர் முன்னதை மிகுதியாகக் கொடுத்துவிட்டு, பின்னதையும் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

வீடு, நிலம், நகை இவை சொத்து. மகனுக்கு எழுதி வைக்கலாம். கடனும் அப்படியே, எழுதாமலே போய்ச் சேரும். ஓட்டம் சொத்தல்ல. ஓடியவனோடு அது முடிந்துவிடுகிறது. சொத்தாக இல்லாததற்குக் கடன் பத்திரம் எழுதமுடியாது. தந்தையின் திறமையில் ஏதோ ஒரு துளி பிள்ளைக்கு வந்தால் அது தானம். வராவிட்டால் பாக்கி என்று ஒன்றும் இல்லை. இதுதான் நான் கண்ட விடை.

நம் முன்னோர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. தந்தையின் பெயரை அவர்கள் மகனுக்கு வைக்கவில்லை. மகனின் மகனுக்கோ மகளின் மகனுக்கோ வைத்தார்கள். பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் அவனுக்குப் பேரன் என்றே பெயர். நடுவில் ஒரு தலைமுறைக்கு விடுதலை கொடுத்தார்கள். பெரியவரின் பெயர் வரும். எப்போது, யார் வழியாக வருமென்று அவசரப்படாதே என்று சொல்வதுபோல இருக்கிறது அந்த ஏற்பாடு. அதுவரை பிள்ளை தன் சொந்தப் பெயரோடு, தன் கால் போகிற வேகத்தில், கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்கட்டும்.